ஒட்டடைக் கம்பை ஒளித்து வைத்தவள்

தம்பிக்கு,

முந்தாநாள் நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நந்தினி கோபித்துக்கொண்டு பண்ணைக்காட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, பொங்கலுக்குக்கூட வரமாட்டேன் என்கிறாள் என்றாய். "ஒரு நாள் வேலைக்கு இம்புட்டு ரோசமாப்பா? நீங்க ஒருக்கா அவகிட்டப் பேசுங்க. அம்மா எப்பிடி இருந்தாங்கன்னு எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா குத்திக்காட்டுறேங்கிறா, நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்றும் சொன்னாய். நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா எப்படி இருந்தாள் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது முதலில் உனக்குத்தான். அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நடுவில் நீ "விடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் எட்டாவதோடு விட்டுப்போன இந்தக் கையெழுத்தில் இத்தனை பக்கம். ஏரிக்கரையில் சவாரிக்குக் காத்திருக்கும்போது அவசர அவசரமாகப் படிக்காதே. வண்டியை எடுக்காத நாளாகப் பார்த்து உட்கார்ந்து படி.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். நீயும் நந்தினியும் டவுனிலிருந்து வெள்ளனே கிளம்பி வந்தீர்கள். பைக்கில் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டி வந்திருந்தாய். வாசலில் இறங்கியதுமே, "மூணு பொங்கலா இந்த வீட்டுல ஒரு ஒட்டடை அடிச்சது உண்டா? குடியிருக்கிற வீடு மாதிரியாப்பா கெடக்கு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாய். நீ சொன்னது நிஜம். உன் அம்மா இறந்ததற்கு அடுத்த பொங்கலுக்கு, துக்கம், பண்டிகை கிடையாது என்று தப்பித்தேன். அதற்கடுத்த வருடம் பூண்டு வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்றேன். போன வருடம் முட்டிவலி. இந்த வருடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே நீ சுண்ணாம்போடு வந்து நின்றுவிட்டாய். அப்பா ஒண்டியாக இருக்கிறார், மனசு உடைந்துபோய் வீட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பொண்டாட்டியை இழந்தவன் வீட்டில் ஒட்டடை தொங்கினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

நந்தினி அன்று வந்ததிலிருந்தே முகம் வெளுத்துத்தான் இருந்தாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, இன்னைக்கு வேணாமே. அடுத்த வாரம் கடைக்கு லீவு சொல்லிட்டு நானே வந்து செஞ்சு குடுத்துர்றேன். இன்னைக்கு எனக்கு முடியல." நீ திரும்பிப் பார்த்தாய். உன் குரல் ஏறியது. "எங்கம்மா சாகுறதுக்கு ஒரு வாரத்துக்கு முந்தி ஏணியில நின்னு இந்த வீடு பூராவும் ஒத்தையா ஒட்டடை அடிச்சாங்க. அப்பா எம்புட்டோ வேணாம்னு சொல்லியும் கேக்கல. இந்தா நிக்கிறாருல்ல, கேட்டுப் பாரு." அவள் என்னைப் பார்த்தாள். மருமகள் வந்த இந்த ஒன்றரை வருடத்தில் என் முகத்தை அப்படி நேருக்கு நேர் அவள் பார்த்ததே இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேனப்பா. அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். அன்று காட்டில் எனக்கு ஒரு சோலியும் இல்லை. உள்ளே கம்பு கூரையில் உரசும் சத்தம் என் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் ஏன் ஆகாது என்று சொல்ல வேண்டுமென்றால் பூண்டிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாததா, அந்தப் புகையில்தானே வளர்ந்தாய். ஆவணி புரட்டாசியில் பிடுங்கிய பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே கழி போட்டுத் தொங்கவிட்டு, கீழே பச்சைச் சீகைமர விறகை வைத்துப் புகைய விடுவோம். நன்றாகப் புகை குடித்த பூண்டு தை, மாசி வரைக்கும் சுருங்காது, முளைக்காது. வடுகபட்டிச் சந்தை வியாபாரி முதலில் மூக்கைத்தான் வைப்பான், அப்புறம்தான் கையை வைப்பான். நம் வீட்டுப் பூண்டை அவன் ஒரு தடவையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமையில் நான் ஊருக்குள் கொஞ்சம் அதிகமாகவே நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். ஆனால் அந்தப் புகைக்குக் கீழே உட்கார்ந்து சமைத்தது யார்? மழைக்காலம் முழுவதும், ஜன்னலைத் திறந்தால் பனி அடிக்கும், பூண்டும் ஈரம் பிடிக்கும் என்று மூடிவைத்த அறையில், நாள் முழுக்க விறகை இழுத்தும் தள்ளியும் விட்டுக்கொண்டிருந்தது யார்? நான் வெளியே களத்தில் வெயில் காய்ந்துகொண்டு பூண்டைத் தரம் பிரிப்பேன். நமக்குக் கேஸ் அடுப்பு வந்த வருடம் அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? நான்தான், "விருந்தாளி வந்தா டீ போட அது இருக்கட்டும். சோறு விறகுலயே ஆகட்டும், புகை சும்மாதானே போகுது" என்றேன். அந்தக் கேஸ் சிலிண்டர் எட்டு மாதம் வந்தது. அதை வேறு நான் சிக்கனம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பூண்டுக்குன்னு தனியா பின்னாடி ஒரு கொட்டாய் போட்டுக்குவமேங்க." எத்தனை வருடம் கேட்டாள் என்று சரியாக நினைவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது கேட்டது நினைவிருக்கிறது. நான் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொன்னேன். வெளியே தொங்கவிட்டால் எவனாவது அவிழ்த்துக்கொண்டு போவான் என்பேன். இரண்டு இடத்தில் தீ எரிக்க விறகுக்கு எங்கே போவது என்பேன். ஒன்றும் தோன்றவில்லை என்றால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பேன். வீட்டுக்குப் பின்னால் இப்போது தகரம் போட்டு ஒரு புகைக் கொட்டகை நிற்கிறதே, "அப்பா மாடர்ன் ஆயிட்டாரு" என்று உன் சிநேகிதனிடம் சிரித்துக்கொண்டே காட்டினாயே, அதை நான் எப்போது கட்டினேன் என்று யோசித்திருக்கிறாயா? அவள் போன முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். நானும் ஒரு கொத்தனாரும். இரண்டு நாள் வேலை, தம்பி. இரண்டே நாள்.

நம் வீட்டில் மார்கழிக் கடைசி எப்படியிருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். பானை சட்டி, படுக்கை, சாக்கு எல்லாவற்றையும் தூக்கி வாசலில் போடுவோம். மூடுபனி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். உன் அம்மா பனியைத் திட்டிக்கொண்டே மறுபடி உள்ளே தூக்குவாள். அடுப்படிக் கூரையில் ஒரு வருடத்துப் புகை ஒட்டியிருக்கும். சாதாரண வீட்டு ஒட்டடையா அது? தார் மாதிரி பிசுபிசுத்துக்கொண்டு கயிறு கயிறாகத் தொங்கும். கம்பால் சுரண்டினால் கொத்தாகப் பெயர்ந்து விழும், அறை முழுக்கக் கரித்தூள் பறக்கும். அதை அடித்துக் கழுவினால்தான் சுண்ணாம்பு ஒட்டும். நீ அந்த வேலைக்குப் பயந்து ஒவ்வொரு வருடமும் அன்றைக்கென்று வயிற்றுவலி வாங்கிக்கொள்வாய். நான், "நடிக்கிறான், ரெண்டு போடு எந்திரிப்பான்" என்பேன். அவள் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "என்னடா செய்யுது?" என்று கேட்பாள். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்து, போர்வையைப் போர்த்திவிட்டு, உன் பங்கு வேலையையும் அவளே பார்ப்பாள். பொய் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனாலும் என்ன செய்கிறது என்று கேட்காமல் உன்னை ஒரு வருடமும் விட்டதில்லை.

அவள் செத்துப்போன வருடம், மார்கழி கடைசி வாரம். காலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அத்தையும் அடுத்த தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் அம்மா தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இந்த வருசம் ஒட்டடை அடிக்க வேணாங்க. சுண்ணாம்பும் வேணாம். வாசல மட்டும் தெளிச்சு கோலம் போட்டுப் பொங்க வச்சிருவம்" என்றாள். நான், "ஏன், இந்த வருசம் சூரியன் வரமாட்டேன்னு சொல்லிட்டாரா?" என்றேன். உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சபையில் ஒரு சிரிப்பு கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது, அதுவும் உனக்குத் தெரியும். "உடம்பு நோகாமத் திங்கப் பழகிட்டா. எந்தங்கச்சி இவளுக்கு ஆறு வயசு மூத்தவ, அவ வீட்டுல போயிப் பாரு, செவுத்துல மொகம் பாக்கலாம்" என்றேன். உன் அம்மா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நிற்கிறாள் என்று பார்த்தேன். ஏன் நிற்கிறாள் என்று பார்க்கவில்லை.

அவள் சும்மா நின்றது அது முதல் தடவையும் இல்லை. இப்போது உட்கார்ந்து நினைத்தால் ஒவ்வொன்றாக வருகிறது. குழாயடியிலிருந்து குடத்தோடு வரும்போது வழியில் யாரைக் கண்டாலும் நின்று பேச ஆரம்பித்திருந்தாள். அவள் அப்படி வாயாடி கிடையாது. மேல் பலகையில் இருந்த பாத்திரத்தையெல்லாம் கீழே இறக்கி வைத்திருந்தாள். இரவு படுக்காமல் உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கேட்டால் முதுகுவலி என்றாள். இல்லை, அதுவும் பொய், நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள். பனிக்காலத்தில் மலையில் எல்லாரும்தானே இருமுகிறோம் என்று அவள் இருமலையும் நான் அதில் சேர்த்துவிட்டேன். அவளும் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பல நாள் சொல்லியும் பார்த்தேன். சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

மறுநாள் கால்வலி என்றாள். அதற்கு மறுநாள் பனி விலகட்டும் என்றாள். மூன்றாம் நாள் ஒட்டடைக் கம்பைக் காணவில்லை. எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கும் அந்த நீளக் கம்பு இல்லை. கேட்டதற்கு, "யாராவது இரவல் வாங்கிட்டுப் போயிருப்பாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் விடுவேனா? வீட்டைச் சுற்றித் தேடினேன். பீன்ஸ் தோட்டத்தில், கொடிக்கு ஊன்றியிருந்த குச்சிகளோடு குச்சியாக அதையும் ஊன்றி வைத்திருந்தாள். நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை, தம்பி. ஒரு வேலையைச் செய்ய முடியாது என்று கட்டின புருசனிடம் சொல்ல வழியில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிரம்பை ஒளிக்கிற மாதிரி ஒளித்து வைத்திருந்தாள். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. களவைக் கண்டுபிடித்த போலீஸ்காரன் மாதிரி அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் சாத்தி வைத்தேன். "இந்தா, இரவல் வாங்குனவங்க குடுத்துட்டாங்க" என்றேன். அவள் கம்பைப் பார்த்தாள். பிறகு முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டாள்.

நான் வாசலில் வெயிலில் உட்கார்ந்து விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கம்பு கூரையில் உரசும் சத்தம். மூன்று இழுப்பு இழுப்பாள், நிற்கும். இருமுவாள். மறுபடி இரண்டு இழுப்பு, நிற்கும். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே கேட்காது. நான் இருந்த இடத்திலிருந்தே, "என்ன, ஏணியிலயே தூங்கிட்டியா?" என்று சத்தம் போட்டேன். உடனே ஒரு இழுப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டதும் பதில் வந்ததில் எனக்குத் திருப்தி. அப்படி நான் அன்று நாலு தடவை சத்தம் போட்டிருப்பேன், நாலு தடவையும் கம்பு பதில் சொன்னது. மத்தியானம் அவள் வெளியே வந்தாள். முகம், கை, கழுத்து எல்லாம் கரி. கண் மட்டும்தான் தெரிந்தது. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். நான் அவளைப் பார்த்து என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு டீ போடு" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். நான் குடித்தேன். மறுநாள் சுண்ணாம்பும் அடித்தாள். அந்தப் பொங்கலுக்கு நம் வீட்டுச் சுவர் பளிச்சென்று இருந்தது. உன் அத்தை வந்து பார்த்து, "அப்பிடி வழிக்கு வா" என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றுக்கும் என் மணிக்கட்டை இறுக்கினாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு எத்தனை வருசமா மூச்சு வாங்குது?" என்று கேட்டார். "தெரியலைங்க சார்" என்றேன். "கூடத்தானே இருக்கீங்க?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். முப்பது வருடம் பீடி குடித்தவர் நெஞ்சு போல இருக்கிறது என்றும், இந்த நிலைமையில் தூசியில் நின்றதுதான் சட்டென்று கவிழ்த்துவிட்டது என்றும் சொன்னார். பீடி குடித்தது நான். இன்றுவரை என் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. நீ அப்போது வேலை பார்த்த திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, "நல்லாத்தானப்பா இருந்தாங்க? பொங்கலன்னைக்கு எங்கிட்டப் போன்ல பேசினாங்களேப்பா?" என்று கேட்டாய். நான், "திடீர்னு" என்று சொன்னேன். அதுதான் முதல் பொய்.

இரண்டாவது பொய்யை நான் தொடங்கவில்லை. உன் அத்தைதான் மாரில் அடித்துக்கொண்டு, "சாகுறதுக்கு ஒரு வாரத்துக்கு முந்தி வீடு பூராவும் வெள்ளையடிச்சு வச்சுட்டுப் போயிட்டாளே மகராசி, போகப்போறோம்னு தெரிஞ்சு எல்லாத்தையும் தொடச்சு வச்சுட்டுப் போயிட்டாளே" என்று அழுதாள். வந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள், அவர்களும் அழுதார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். உன் அத்தைக்கும் அது தேவையாக இருந்தது, சிரித்தவள் அல்லவா. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாறாக நானும் அந்தப் பொய்யின் மேல் இன்னொரு கல் எடுத்து வைத்தேன். காரியத்தன்று நீ என்னிடம், "ஏம்ப்பா, அந்த உடம்போட ஏன்ப்பா அவங்கள ஏணியில ஏற விட்டீங்க?" என்று கேட்டாய் பார், அப்போது நான், "நான் எம்புட்டோ வேணாம்னு சொன்னேன்ப்பா, கேக்கல" என்றேன்.

வேணாம் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைச் சொன்னது அவள்.

அந்த ஒரு வாக்கியத்தை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். திதிக்குத் திதி சொன்னாய். உன் கல்யாணத்தில் நந்தினி வீட்டாரிடம் சொன்னாய். சவாரி வருகிறவர்களிடம்கூட எங்கம்மா இப்படி என்று சொல்வதாக உன் சிநேகிதன் சொன்னான். சொல்லும்போதெல்லாம் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால் அது அழகாக இருக்கும். ஆனால் காரணம் அது இல்லை, என் பயம்தான். அம்மாவை ஏணியில் ஏற்றியது நான் என்று தெரிந்தால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம். நீ ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். அது வெறும் பேச்சாக இருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அதை எடுத்து ஒரு பெண் மீது நீ வீசுகிறாய். உன் அம்மா செய்ய விரும்பாத வேலையை, செய்ய முடியாமல் ஒளிந்த வேலையை, அவள் ஆசைப்பட்டுச் செய்தாள் என்று சொல்லி இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏணியில் ஏற்றினாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உன் மேல் பெரிய தப்பு இல்லை, நீ நம்பினாய். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

நான் ஒட்டடை அடிக்காமல் இருந்ததன் காரணம் இதுதான். துக்கமும் இல்லை, முட்டிவலியும் இல்லை. போன வருடம் ஒரு நாள் கம்பை எடுத்தேன். கூரையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும், வாசலில் யாரோ உட்கார்ந்து, தூங்கிட்டியா என்று என்னைக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. கம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நந்தினி அன்று அடித்துக் கழுவிவிட்டுப் போன அடுப்படி இப்போது துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு அங்கே போய் நிற்க முடியவில்லை. வாசலில் மூன்று கல்லைக் கூட்டித்தான் சமைக்கிறேன்.

நேற்று நான் பண்ணைக்காடு போனேன். டவுனில் பஸ் மாறும்போது உன்னைப் பார்க்காமலே போனேன். பார்த்திருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நீ பேசியிருப்பாய், நான் மறுபடி தலையாட்டியிருப்பேன். நந்தினியின் அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்கள். சம்பந்தி நல்லது சொல்லத்தான் வந்திருக்கிறார், மகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் தெரிந்தது. நான் நந்தினியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். வீட்டுக்குப் பின்னால் காப்பிக் கொட்டை காயப்போட்டிருந்த களத்தில் அவள் கிளறிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்றாள். கண் கீழேயே இருந்தது. நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன், உன் அம்மா எப்படி இருந்தாள் என்று. இங்கே உனக்கு எழுதியிருக்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கிளறுவதை நிறுத்திவிட்டாள். கம்பைப் பீன்ஸ் கொடிக்குள் ஊன்றியிருந்ததைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில், "இத ஏன் மாமா எங்கிட்டச் சொல்றீங்க? அவங்ககிட்டல்ல சொல்லணும்" என்றாள். "சொல்லப் போறேன் தாயி. அதுக்கு முந்தி உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

பிறகு கேட்டேன். "அன்னைக்கு ஏந்தாயி முடியலன்னு சொன்ன?"

அவள் கொட்டையை ஒரு கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கிழவன் போகமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் சொன்னாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். அது ரோசமும் இல்லை, சோம்பலும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். கேட்டபிறகு அவள் தலையில் கையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நீ. என் வாயிலிருந்து தெரிந்துகொண்டால் உனக்குச் சுலபமாகிவிடும், அந்தச் சுலபத்தை நான் உனக்குக் கொடுக்கப்போவதில்லை.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வராவிட்டாலும் சரி. நான் செய்ததை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கத்துவதற்கு முன்னால் பண்ணைக்காட்டுக்குப் போ. அவளைக் கூட்டிவரப் போகாதே, சும்மா போ. கையில் சுண்ணாம்பும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம், உன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேள். கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. வெகுநேரம் ஆகும், பொறுத்திரு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, தம்பி. இருபத்தேழு வருடம் உன் அம்மாவோடு இருந்தேன்.

அப்பா